உண்மையைச் சொன்னதற்கா என் மகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள்?

மதிப்புக்குரிய தாளாளர், தலைமையாசிரியை, உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவருக்கும்,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளை, வலிப்பு உள்ளவள் என்று சொல்லிக் கோ-கோ அணியிலிருந்து எடுத்து, மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டீர்கள். குறுவட்டப் போட்டிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது எடுத்தீர்கள். காரணம் கேட்டு மூன்று தடவை பள்ளிக்கு வந்தேன். மூன்று தடவையும் கிடைத்த பதில் ஒன்றுதான். "ஃபிட்ஸ் இருக்கிற பிள்ளைம்மா. நாளைக்கு கிரவுண்டுல ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" எழுத்தில் தாருங்கள் என்றேன், தரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். பள்ளியின் பேரையும் உங்கள் பேரையும் போடவில்லை. இதே பதிலை வேறு வேறு பள்ளிகளில் வாங்கி வந்த அம்மாக்களை நரம்பியல் பிரிவு வராந்தாவில் பார்த்திருக்கிறேன். உங்களை மட்டும் தனியாக நிறுத்தி வைப்பது நியாயமில்லை.

போன மாதம் அவள் ஜெர்சியைத் திருப்பிக் கேட்டு அனுப்பினீர்கள். நான் தையல்காரி. இந்த வருடம் அணியின் ஜெர்சிகளுக்கெல்லாம் எண் வைத்துத் தைத்துக் கொடுத்ததே நான்தான், கூலி வாங்காமல். ஏழாம் எண்ணுக்கு மட்டும் ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டேன். கோ-கோ கம்பத்து (போல்) பக்கம் பாய்ந்து டைவ் அடிக்கிறவள், மண்ணில் உரசி உரசி எண் பிய்ந்துவிடும் என்று. அந்தச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கு அவள் அழவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "நீ ஏம்மா அட்மிஷன் ஃபார்ம்ல எழுதுன?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தபோது விண்ணப்பத்தில் "குழந்தைக்கு ஏதேனும் நோய் உண்டா" என்று ஒரு கட்டம் இருந்தது. என் மாமியார் வீட்டிலேயே சொல்லி அனுப்பினார்: "பொம்பளப் பிள்ளை. எழுதிக் கிழுதி வச்சிராத. நாளைக்கு மாப்பிள்ளை வர்றவன் வரைக்கும் போயிரும்." அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்து நியாயம் அது. திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர்களுக்குத் திருமணத் தகுதி இல்லை என்கிற வாசகம் இந்து திருமணச் சட்டத்திலேயே இருந்தது. 1999-ல்தான் அதை எடுத்தார்கள். இருந்தாலும் நான் எழுதினேன். "வலிப்பு உண்டு. காலை 8, இரவு 8 மாத்திரை. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும்" என்று அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நெருக்கி எழுதினேன். பள்ளி தெரிந்து வைத்துக்கொண்டால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நம்பினேன். நீங்கள் அதைப் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வருடம் கழித்து அவளை வெளியே அனுப்ப எடுத்துக்கொண்டீர்கள்.

சரி, கணக்குப் பார்ப்போம். அவளுக்கு இதுவரை வந்தது நாலே நாலு ஃபிட்ஸ். முதலாவது ஐந்தாம் வகுப்பில், விடியற்காலை நாலு மணிக்கு, தூக்கத்தில். இரண்டாவது அடுத்த மூன்று வாரத்துக்குள், பாயில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகுதான் மதுரைக்குப் போய் ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்து மாத்திரை ஆரம்பித்தது. மூன்றாவது என் அண்ணன் மகள் கல்யாணத்தில், ராத்திரி முழுக்கத் தூங்காமல் மருதாணி வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, முகூர்த்த நேரத்தில். நாலாவது உங்கள் பள்ளியில், காலை வழிபாட்டில். அதற்கு முன் மூன்று நாள் காய்ச்சல், போட்ட மாத்திரையெல்லாம் வாந்தி. பரீட்சை என்று அனுப்பினேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் இருபது மாதம் ஆகிறது, ஒன்றுமில்லை.

மைதானத்தில் எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து மூன்று வருடமாகச் சாயங்காலம் தோறும் ஓடுகிறாள், உட்கார்ந்து எழுந்திருக்கிறாள், "கோ" வாங்கியதும் பாய்கிறாள், விழுகிறாள். ஒன்றும் வரவில்லை. வலிப்பு வந்த இடத்தைத் தடை செய்வதுதான் முறை என்றால் கல்யாண மண்டபத்தையும் காலை வழிபாட்டையும்தான் முதலில் தடை செய்ய வேண்டும்.

அந்த வழிபாட்டு நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் "கிரவுண்டுல ஏதாவது ஆச்சுன்னா" என்று பயப்படுவது அந்தக் காட்சியை நினைத்துத்தான் என்று எனக்குத் தெரியும். அவள் விழுந்ததும் இரண்டு பேர் காலைப் பிடித்து அமுக்கினீர்கள். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று சாப்பாட்டு டப்பாவிலிருந்து எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துப் பல்லுக்கு நடுவில் நெம்பினார். முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். எல்லாம் நல்ல மனசோடு செய்ததுதான், பதறிப்போய் செய்ததுதான். ஆனால் ஃபிட்ஸ் ஒன்றரை நிமிடத்தில் நின்றுவிட்டது, ஸ்பூனில் உடைந்த முன்பல் இன்னும் உடைந்தே இருக்கிறது. அவளுக்கு ஏற்பட்ட ஒரே காயம் அதுதான், வலிப்பால் வந்ததில்லை.

ஒன்றரை நிமிடம் என்று எப்படித் தெரியும்? அவளோடு அணியில் விளையாடும் ஒரு பிள்ளை எண்ணியிருக்கிறாள். ஆட்டத்தில் பக்கத்துக் கட்டத்தில் உட்காருகிறவள். "எனக்கு வந்தா பயப்படாத, தலைக்கு அடியில ஏதாவது வை, ஒருக்களிச்சுப் போடு, எண்ணிக்கிட்டே இரு" என்று என் மகள் அவளுக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளை தன் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு வந்து தலைக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். பெரியவர்கள் தள்ளிவிட்டார்கள். தள்ளிப்போய் நின்றுகொண்டு அழுதபடியே தொண்ணூற்றி மூன்று வரைக்கும் எண்ணியிருக்கிறாள். அன்றைக்கு அந்த வழிபாட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் பன்னிரண்டு வயசுப் பிள்ளை. ஏன் தெரிந்தது? என் மகள் ஒளிக்காமல் சொன்னதால்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. பக்கத்தில் கல், கம்பம் ஏதாவது இருந்தால் நகர்த்த வேண்டும். தலைக்கு மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும். கை கால்களைப் பிடித்து அமுக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, நாக்கை யாராலும் விழுங்க முடியாது. சாவிக்கும் இரும்புக்கும் வலிப்பை நிறுத்தும் சக்தி கிடையாது. ஃபிட்ஸ் தானாக நிற்கிற நேரத்தில் சாவி கையில் இருக்கும், பேர் சாவிக்குப் போய்விடும், அவ்வளவுதான். இழுப்பு அடங்கியதும், முடிந்தால் அதற்கு முன்பே, ஒருக்களித்துப் படுக்க வைத்து எச்சில் வெளியே வழிய விட வேண்டும். முழு நினைவு திரும்பும் வரை தண்ணீர், சோடா எதுவும் ஊற்றக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஃபிட்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்க மிடாசோலம் ஸ்ப்ரே ஒன்றும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை ஆபீஸ் அறையில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். "மருந்தெல்லாம் நாங்க வைக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்தீர்கள். பொறுப்பு எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கவில்லை, எடுக்கத் தேவையில்லாத இடத்தில் அளவுக்கு மேல் எடுத்துக்கொண்டீர்கள் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்தது அந்த உத்தரவாதக் கடிதம். டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். தரையில் ஆடும் எல்லா விளையாட்டும் ஆடலாம், நீச்சல் மட்டும் துணையோடு, மாத்திரை விடக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது என்று தெளிவாக எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார். படித்துவிட்டு, "விளையாடும்போது ஒன்னும் ஆகாதுன்னு எழுதலையே" என்றீர்கள். ஐயா, அம்மா, அப்படி ஒரு கடிதத்தை உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் எந்த டாக்டரும் தர முடியாது. போன வருடம் கபடியில் ஒரு பிள்ளைக்கு மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததும் எல்லாரும் கைதட்டினோம். அவனிடம் இனிமேல் கை உடையாது என்று யாரும் கடிதம் கேட்கவில்லை. நானே ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தருகிறேன் என்றதற்கு, "அதெல்லாம் கோர்ட்ல நிக்காதும்மா" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. பேச்சு என் மகளின் உயிரைப் பற்றி இல்லை.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைக்கலாம். டாக்டர் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி வைத்துப் பொறுமையாக விளக்கினார். வலிப்பு நோய்க்கான சர்வதேச அமைப்பு ஒன்று 1909-லிருந்து இருக்கிறது. அதன் நிபுணர் குழு 2016-ல் வெளியிட்ட அறிக்கையில் விளையாட்டுகளை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். வலிப்பு வந்தாலும் கூடுதல் ஆபத்து பெரிதாக இல்லாதவை முதல் வகை: ஓட்டம், கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து, கிரிக்கெட், ஹாக்கி, இறகுப்பந்து மாதிரியானவை. மல்யுத்தமும் ஜூடோவும்கூட அதில்தான் இருக்கின்றன. ஆடுகிறவருக்கு ஓரளவு ஆபத்து உள்ளவை இரண்டாவது: நீச்சல், சைக்கிள் பந்தயம், ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை. பெரிய ஆபத்து உள்ளவை, சிலவற்றில் பக்கத்தில் இருக்கிறவருக்கும் சேர்த்து ஆபத்தானவை, மூன்றாவது: மலையேற்றம், மோட்டார் பந்தயம், பாராசூட், ஆழ்கடலில் மூழ்குவது. எந்த வகை ஆட்டம், எந்த மாதிரி வலிப்பு, கடைசியாக வந்து எவ்வளவு நாள் ஆயிற்று, இதையெல்லாம் சேர்த்து வைத்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். கோ-கோ, கபடி என்ற பேர்கள் அந்தப் பட்டியலில் இல்லை, நம் ஊர் ஆட்டத்தை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் ஆளை ஆள் கட்டிப் புரளும் மல்யுத்தமே முதல் வகை என்றால், தொட்டுவிட்டு ஓடும் கோ-கோ எந்த வகையில் வரும் என்று டாக்டரைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே அந்தக் கடிதத்தை எழுதினார்.

ஓடினால், மூச்சு வாங்கினால் வலிப்பு வந்துவிடும் என்று பி.டி. சார் சொன்னார். மிகச் சிலருக்கு மட்டும் அப்படி உண்டு, பெரும்பாலோருக்கு இல்லை. மாத்திரை விட்டுப்போவது, தூக்கம் கெடுவது, காய்ச்சல், இவைதான் கிளப்பிவிடுகின்றன. என் மகளின் நாலில் மூன்றாவதும் நாலாவதும் அதற்கு சாட்சி. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடி பேருக்கு வலிப்பு இருக்கிறது. சரியான வைத்தியம் கிடைத்தால் அதில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். இத்தனை பேரையும் மரத்தடியில் உட்கார வைப்பதா? 1968-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே வலிப்புள்ள பிள்ளைகள் மோதி ஆடும் விளையாட்டுகளுக்குப் போக வேண்டாம் என்றுதான் சொன்னது. 1974-ல் அதை மாற்றிக்கொண்டது. நான் பிறப்பதற்கு முன்பே அவர்கள் கைவிட்ட யோசனையை நீங்கள் இந்த ஜூனில் சுற்றறிக்கையாகக் கொண்டு வந்திருக்கிறீர்கள்.

பி.டி. சாரிடம் இன்னொன்று. சார், நீங்கள் போல் டைவ் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகளிடம் ஒரு பேர் சொல்வீர்களாம். என் மகள் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவாள்: "ஜான்ட்டி ரோட்ஸ் மாதிரி உடம்பை விடு! யோசிக்காத!" 1992 உலகக் கோப்பையில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டம்ப் மேலேயே பாய்ந்து பாகிஸ்தானின் இன்சமாமை ரன் அவுட் ஆக்கினாரே, அதே தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜான்ட்டி ரோட்ஸ். அவருக்கு வலிப்பு உண்டு. அவரே வெளிப்படையாகச் சொல்லி, வலிப்புள்ளவர்களுக்காகப் பேசி வருகிறவர். இதை என் மகள் உங்களிடம் சொல்ல நினைத்தாளாம், தைரியம் வரவில்லையாம்.

என் மாமனாருக்கு 1977 பொங்கல் டெஸ்ட் நேற்று நடந்த மாதிரி. சேப்பாக்கத்தில் இங்கிலாந்து நம்மைத் தோற்கடித்த டெஸ்ட். அவர்கள் பந்துவீச்சாளர் ஜான் லீவர் வாஸ்லின் தடவிப் பந்து போட்டான் என்று இன்றைக்கும் திட்டுவார். அந்த இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க், ஆறரை அடி உயரம். அவருக்குப் பதினாலு வயதிலிருந்தே வலிப்பு. தென்னாப்பிரிக்காவில் ஒரு ஆட்டத்தின் நடுவே மைதானத்திலேயே வந்திருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினார், ஒரு நாட்டுக்கே கேப்டனாக இருந்தார், அந்தத் தொடரையும் ஜெயித்துவிட்டுப் போனார். மாமனாரிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வாஸ்லின் வாஸ்லின்தான். ஆனா பிள்ளைய ஆட விடச் சொல்லு" என்றார். ஃபார்மில் எழுதாதே என்று சொன்ன அதே வீட்டில் இப்போது பேச்சு இப்படி.

எல்லாவற்றுக்கும் சரி சொல்லுங்கள் என்று நான் வரவில்லை. எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு கிணறு இருக்கிறது. லீவு நாளில் அவள் வயசுப் பிள்ளைகளெல்லாம் படியிலிருந்து குதிக்கும். என் மகள் குதிக்கக் கூடாது என்று நானே தடுத்து வைத்திருக்கிறேன். தண்ணீருக்குள் ஃபிட்ஸ் வந்தால் சத்தம்கூட வராது, வலிப்புள்ளவர்கள் தண்ணீரில் மூழ்கிப் போகிற ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு. நீச்சல் தெரிந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில், அவளையே பார்த்துக்கொண்டு, ஆழமில்லாத இடத்தில் என்றால் மட்டும் சரி. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது. சைக்கிள் தெருவுக்குள், மெயின் ரோட்டுக்குக் கிடையாது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்காரக் கூடாது. கிணற்றுக்காக அவள் என்னோடு நாலு நாள் பேசாமல் இருந்தாள். இருக்கட்டும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் கோடு கிழிப்பதற்குப் பேர் பாதுகாப்பு.

உங்கள் அணியிலும் ஆபத்து உண்டு, மைதானத்தில் இல்லை. போட்டி நாளைச் சொல்கிறேன். நாலு மணிக்கு எழுப்பி, ஐந்து மணிக்கு வேனில் ஏற்றி, ஒரு வேன் பிள்ளைகளை இரண்டு சுற்று அடைத்துக் கொண்டுபோய் இறக்குவீர்கள். காலைச் சாப்பாடு யாருக்கும் கிடையாது, டீயும் பிஸ்கட்டும்தான். எப்போது ஆட்டம் என்று தெரியாமல் பதினோரு மணி வரை வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக இடமில்லை என்று பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். இதில் என் மகளுக்கு வலிப்பு வர வாய்ப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதில் மற்ற பதினோரு பிள்ளைகளும் மயங்கி விழ வாய்ப்பு இருக்கிறது. போன வருடம் ஒருத்தி விழவும் செய்தாள். அவளுக்கு எந்த நோயும் இல்லை.

இப்போது நான் மிகவும் யோசித்து எழுதும் விஷயத்துக்கு வருகிறேன். என் மகளை எடுத்த செய்தி பரவியதும் ஒரு அம்மா என் கடைக்கு வந்தார். ஜாக்கெட் அளவு கொடுக்கிற மாதிரி வந்து, மற்றவர்கள் போகும் வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார். அவர் பையனும் இதே மாத்திரைதான் போடுகிறானாம். உங்கள் பள்ளிதான். விளையாடுகிறான். பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது, சேர்ந்து ஆடுகிற பிள்ளைகளுக்கும் தெரியாது. "நீங்க சொல்லிட்டீங்கக்கா, அதான் இப்படி ஆச்சு. நான் மாத்திரைய பேனா டப்பாவுல வச்சுக் குடுத்து விடுறேன், யாருக்கும் தெரியாம முழுங்கிக்குவான்" என்றார்.

அந்தப் பையன் யார் என்று தேடாதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். நீங்கள் போட்ட விதி என்ன செய்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இருபது மாதமாக வலிப்பு வராத, டாக்டர் கடிதத்தோடு, ஸ்ப்ரேயோடு, எண்ணத் தெரிந்த தோழியோடு வருகிற பிள்ளை மரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருக்கிறாள். யாருக்கும் சொல்லாத பிள்ளை உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஏதாவது ஆனால் மறுபடியும் சாவிக்கொத்து, மறுபடியும் ஸ்பூன். அந்த அம்மா அடுத்த பிள்ளையைச் சேர்க்கும்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார் என்று நினைக்கிறீர்கள்? மற்ற அம்மாக்கள்?

இன்னொன்றும் நடந்திருக்கிறது. மூன்று வருடமாக எல்லாருக்கும் தெரிந்திருந்தும் யாரும் அவளைக் கேலி செய்ததில்லை. நீங்கள் அணியிலிருந்து எடுத்த மறுவாரம் ஒரு பையன் அவள் போகும்போது "கா... கா..." என்று கத்தியிருக்கிறான். கால் கை வலிப்பு என்பதுதான் காக்கா வலிப்பு என்று ஆயிற்று என்பார்கள். காக்காய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது அந்தப் பையனுக்குத் தெரியாது, சின்னப் பிள்ளை. பெரியவர்களே ஒதுக்கியதைப் பார்த்துவிட்டு அவனும் ஒதுக்கினான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

இனி நான் கேட்பவை.

என் மகளை வரும் திங்கட்கிழமையிலிருந்து பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுவட்டப் போட்டி முடிந்துவிட்டது, அதைத் திருப்பித் தர முடியாது என்று தெரியும். இந்த வருடம் மீதி இருக்கிறது. ஆட்டம் சரியில்லை என்று பி.டி. சார் எடுத்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். நோயைச் சொல்லி எடுக்கக் கூடாது.

"உடல்நலக் குறைபாடு உள்ள மாணவர்கள் விளையாட்டில் பங்கேற்க வேண்டாம்" என்று ஜூனில் ஒட்டிய சுற்றறிக்கையைக் கிழித்துவிடுங்கள். வலிப்பு, ஆஸ்துமா, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே வரியில் அடைக்க முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக, டாக்டர் எழுத்தை வைத்துக்கொண்டு பெற்றோரும் பி.டி. சாரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். உத்தரவாதக் கடிதம் யாரிடமும் கேட்காதீர்கள்.

சொல்லுகிற பிள்ளைக்கு ஒரே ஒரு பக்கத் தாள் போதும்: என்ன மாதிரி வலிப்பு, மாத்திரை நேரம், வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடத்தில் 108. அது பி.டி. சாரிடமும் ஆபீஸிலும் இருக்கட்டும், வகுப்பில் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம். ஸ்ப்ரேயையும் அதோடு வாங்கி வையுங்கள்.

ஆசிரியர்கள், வாட்ச்மேன், வேன் டிரைவர் எல்லாருக்கும் வலிப்பு முதலுதவியை ஒரு முறை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. நவம்பர் 17 தேசிய வலிப்பு நோய் தினம், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம், காலை வழிபாட்டிலேயே. சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்காவிட்டால் தொண்ணூற்றி மூன்று வரை எண்ணிய அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

போட்டி நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிளம்பும் முன் இட்லியோ பொங்கலோ, குடிக்கத் தண்ணீர், போக ஒரு பாத்ரூம். இதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன், மற்ற பெற்றோரும் தருவார்கள், கேட்டுப்பாருங்கள்.

பதிலை எழுத்தில் தாருங்கள், பதினைந்து நாளுக்குள். வரவில்லை என்றால் இதே மடலை டாக்டர் கடிதத்தோடு சேர்த்து முதன்மைக் கல்வி அலுவலருக்கும் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்புவேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் செய்வது எனக்குப் பழக்கமில்லை.

ஏழாம் எண் ஜெர்சி விளையாட்டு அறை பீரோவில் மேல் தட்டில் அதே மஞ்சப்பையில் இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் அவள் வந்து கேட்பாள், எடுத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா